எலி எதிரே வராது

அம்பாசமுத்திரத்தில் பொம்மைக்குப் பஞ்சமில்லை. மரத்தைக் கடைசல் பிடித்து, அரக்குச் சாயம் ஏற்றி, உள்ளங்கைக்குள் அடங்குகிற அடுப்பு, அம்மி, திருகை, தண்ணீர்க் குடம் என்று ஒரு குடித்தனத்தையே செய்து விற்கிற ஊர். செப்புச் சாமான் வேண்டுமென்றால் சுற்றுவட்டாரத்தில் எங்கள் ஊரைத்தான் கைகாட்டுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தும் என் அப்பா எனக்கு ஒரு பம்பரம் வாங்கித் தந்ததில்லை. கேட்டால், "இங்க பாபின்ல நூல் சுத்த ஆளைக் காணோம். தொரைக்குப் பம்பரம் சுத்தணுமாக்கும்" என்பார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அப்பா தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. ஓர் உஷா மிதி மெஷின், கரி போட்டுச் சூடேற்றும் இஸ்திரிப் பெட்டி, ஆளுயரக் கண்ணாடி, சுவரோரமாக ஒரு வெட்டு மேஜை. மேஜை தாத்தா காலத்தது. மேலே கனத்த பலகை. கீழே, தரையிலிருந்து மூன்று விரல் உயரத்தில் இன்னொரு தட்டு. துணிக் கட்டுகள் அதில் இருக்கும். நகர்த்த வேண்டுமானால் நாலு ஆள் வேண்டும் என்பதால் அதை யாரும் நகர்த்தியதில்லை. அந்தத் தட்டுக்கு அடியில் உருண்டு போன பொத்தான் போனதுதான்.

கடையில் அப்பாவுக்கு ஒரே ஒரு சட்டம். தைத்து முடித்த துணியில் நூல் முனை வெளியே தெரியக் கூடாது. காஜா எடுக்கிற அண்ணன் எங்காவது ஒரு முனையை விட்டுவிட்டால், அந்தச் சட்டையை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நிற்பார். ரெண்டு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்று அந்த அண்ணன் என்னிடம் புலம்பியிருக்கிறார்.

1984 தீபாவளிக்கு நாலைந்து நாள் இருக்கும். அடைமழை. வெட்டுத்துணி போடுகிற சாக்குக்குள் ஏதோ அசைந்தது. விலக்கிப் பார்த்தால், நனைந்து, விலா எலும்பு தெரிய, சாம்பல் நிறத்தில் வரி போட்ட ஒரு குட்டி. "தூக்கி வெளிய விடு, துணியெல்லாம் மயிராயிரும்" என்றார் அப்பா. தீபாவளி நெருக்கடியில் அதைத் தூக்கி விடக்கூட யாருக்கும் கை ஒழியவில்லை. அம்மா ஒரு சிரட்டையில் பால் வைத்தாள்.

மூன்றாம் நாள் இரவு, மெஷினில் மாட்டும்போது கை தவறிப் பாபின் கீழே விழுந்து உருண்டது. சாக்கிலிருந்து குட்டி பாய்ந்தது. தட்டியது, துரத்தியது, மறுபடி தட்டியது. மெஷின் கால், ஸ்டூல் கால், மேஜைக் கால் எல்லாவற்றையும் கறுப்பு நூலால் சுற்றிக் கட்டிவிட்டது. அப்பா கத்தரியை எடுத்தார். எனக்கு நெஞ்சு அடைத்தது. அவர் குனிந்து நூலைத் துண்டு துண்டாக வெட்டி அள்ளினார். வெறும் பாபினைக் கையில் வைத்து ஒரு கணம் பார்த்தார். பிறகு அதை மறுபடி உருட்டிவிட்டார்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா விளையாடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. குட்டிக்குப் பெயர் தேடுகிற வேலையும் மிச்சம். பாபின் என்றே ஆகிப்போனது.

மறுநாளே நான் பொம்மை செய்ய இறங்கினேன். விளக்குமாற்றிலிருந்து நீளமான ஈர்க்கு ஒன்றை உருவி, நுனியில் ஒரு கோழி இறகைக் கட்டி, பாபினின் முகத்துக்கு நேரே ஆட்டினேன். அது தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. மூக்கில் தொட்டேன். கண்ணை மூடிக்கொண்டது. பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடும் என்பார்கள். அன்றைக்கு இருண்டது என் பூலோகம்தான். இறகு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று, பாவாடை தைத்து மிஞ்சிய சிவப்பு சாட்டினில் பூப்போல ஒன்றைக் கட்டி நீட்டினேன். அதற்கும் மரியாதை இல்லை.

மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே அப்பா கேட்டார்: "ஏல, எலி என்னைக்காவது பூனைக்கு எதிர வந்து நிக்குமா?"

நான் விழித்தேன். அப்பா மிதியை நிறுத்தினார். கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை உருவித் தரையில் போட்டார். அதன் மேல் ஒரு வெட்டுத்துணியை விரித்தார். பிறகு டேப்பை இழுத்தார். இழுத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது; துணிக்கு அடியில் ஏதோ மூச்சு விடுவதுபோல ஒரு அசைவு, அவ்வளவுதான். நின்றது. இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்தது. நின்றது. டேப்பின் பித்தளை முனை மட்டும் துணிக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, மேஜைக் காலுக்குப் பின்னால் போய் மறைந்தது.

பாபின் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. கண்மணி விரிந்து கண் முழுக்கக் கறுப்பானது. மீசை மயிர் முன்னுக்கு வந்தது. பின்பாகம் மட்டும் இடமும் வலமும் லேசாக ஆடியது. முனை மறைந்த அந்தக் கணத்தில் பாய்ந்தது. மேஜைக் காலைச் சுற்றி வந்து டேப்பைக் கவ்வி, மல்லாந்து படுத்து, பின்னங்கால் இரண்டாலும் உதைத்தது. அப்பா டேப்பைப் பிடுங்கவில்லை. அது தானாக விடும்வரை கையைத் தளர்த்தி வைத்திருந்தார்.

எனக்குப் பாடம் அதோடு முடிந்தது. அதற்கு விளக்கவுரை பல வருஷம் கழித்துப் புத்தகங்களில் கிடைத்தது. மூக்குக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கும் பொருள் பூனையின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. அந்த இடத்தில் மீசைதான் கண். நான் மூக்கில் கொண்டுபோய்த் தேய்த்த இறகு அதற்கு வெறும் மங்கல், கூடவே தொந்தரவு. சிவப்பு நிறமும் அதற்கு மந்தமாகத்தான் தெரியும். நீலமும் மஞ்சளும் தெரிகிற அளவுக்கு சிவப்பு எடுப்பதில்லை. நான் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். அப்பா நடையை மாற்றினார். இரை விலகித்தான் ஓடும், ஒளியும், பயந்து நிற்கும், மறுபடி ஓடும். பொம்மை எதுவாக இருந்தாலும், பிடித்திருக்கிற கை எலியாக வேண்டும்.

அதன் பிறகு வீட்டில் கிடந்ததெல்லாம் எலியானது. அப்பாவின் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளிக் காகிதத்தை உருண்டை பிடித்தால் தரையில் சரசரவென்று போகும். அந்தச் சத்தத்துக்குப் பாபின் பின்கட்டிலிருந்து ஓடிவரும். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. பூனையின் காது 60,000-ஐயும் தாண்டிக் கேட்கிறது. நம் காதுக்கு எட்டாத எலியின் கீச்சொலி அதற்குக் கேட்கும் என்றால், எங்களுக்குச் சரசரப்பாகத் தெரிந்த காகிதம் அதற்கு என்னவெல்லாமாகக் கேட்டதோ. காலித் தீப்பெட்டியில் நாலு புளியங்கொட்டையைப் போட்டு, வாயை ஒட்டி, தூக்கி எறிந்தால் அது ஒரு வண்டு. ஆச்சி தென்னை ஓலையை முடைந்து செய்து தருகிற பந்து நேராக உருளாது, கோணிக்கொண்டு போகும். அதனாலேயே அது பாபினுக்கு உசத்தி.

ஜவுளிக்கடையிலிருந்து வரும் சட்டைத்துணி அட்டைப்பெட்டியில் ஐந்தாறு ஓட்டை போட்டு, கவிழ்த்து, அதற்குள் ஈர்க்கை விட்டு ஒவ்வோர் ஓட்டையாக நுனியைக் காட்டுவேன். பாபின் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, எந்த ஓட்டையில் வரும் என்று காத்திருக்கும். சிரட்டையைக் கவிழ்த்து அடியில் நெத்திலிக் கருவாடு ஒன்றை வைத்தால், அதைப் புரட்டுவதற்குக் கால் மணி நேரம் மெனக்கெடும். முதல் நாள் கால் மணி. மூன்றாம் நாள் ஒரே தட்டு. பிறகு நான் சிரட்டையின் மேல் ஒரு கல்லை வைத்தேன். அது ஆச்சியிடம் போய்க் கத்தி, ஆச்சி வந்து கல்லை எடுத்தாள்.

செய்யக் கூடாததையும் செய்தேன். போர்வைக்கு அடியில் கையை விட்டு விரலை அசைத்து, பாபினைப் பாய வைப்பது எனக்குப் பிடித்த விளையாட்டு. குட்டியாக இருந்தவரை அது குறுகுறுப்பாகத்தான் இருந்தது. நகமும் பல்லும் முற்றிய பிறகு, பள்ளிக்கூடத்தில் வாத்தியார், "கையில என்னல, கருவேலங்காட்டுல விழுந்தியா?" என்று கேட்கிற அளவுக்குப் போயிற்று. அப்பா ஒரு பார்வை பார்த்தார். "கையைத் தீனின்னு பழக்கிட்டு, இப்ப கடிக்குன்னு அழுதா எப்படி?" என்றார். அதிலிருந்து எங்கள் கைக்கும் பாபினுக்கும் நடுவே எப்போதும் ஒரு குச்சியோ டேப்போ இருந்தது.

இன்னொன்று, கண்ணாடி. சாயங்கால வெயில் வாசல் வழியே வருகிற நேரத்தில் சின்னக் கண்ணாடிச் சில்லைத் திருப்பினால், சுவரெல்லாம் வெளிச்சம் ஓடும். பாபின் சுவரில் ஆளுயரம் குதிக்கும். தெருப் பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள். வெயில் போனதும் நாங்கள் கலைந்துவிடுவோம். பாபின் போகாது. இருட்டும்வரை அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு, நடுநடுவே ஒரு சின்ன, உடைந்த குரலில் கத்தியபடி உட்கார்ந்திருக்கும். இரண்டு நாள் பார்த்த அப்பா மூன்றாம் நாள் என் கையிலிருந்து சில்லை வாங்கினார். வெளிச்சத்தைச் சுவரிலிருந்து இறக்கி, தரையில் ஓடவிட்டு, கடைசியில் ஒரு துணி உருண்டையின் மேல் கொண்டுபோய் நிறுத்தி, சில்லைக் கவிழ்த்தார். பாபின் உருண்டையைக் கவ்விக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது. "பிடிச்சோம்னு ஒண்ணு வாய்ல கெடைக்கணும்லா" என்றார். இன்று லேசர் விளக்கை வைத்துப் பூனையோடு விளையாடுகிறவர்களுக்கு மருத்துவர்கள் சொல்வதும் இதேதான்: கண்ணில் அடிக்காதே, முடிக்கும்போது கவ்வுவதற்கு எதையாவது கொடு.

அடுத்த தீபாவளிக்கு நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. மெஷின் கைப்பிடியில் ஒரு நூலைக் கட்டி, நுனியில் துணி முடிச்சு ஒன்றைத் தொங்கவிட்டு, "தானா வெளயாடிக்கோ" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் வந்தபோது முடிச்சும் இல்லை, நூலும் இல்லை. எங்கோ உருட்டிக்கொண்டு போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் பாபின் சாப்பிடவில்லை. வாந்தி எடுத்தது. வாயோரம் எச்சில் வடிய, மெஷினுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது.

அப்பா அதைத் தூக்கி மடியில் வைத்து வாயைத் திறந்து பார்த்தார். நாக்குக்கு அடியில் கறுப்பாக ஒரு கோடு. நூல் நாக்கைச் சுற்றி மாட்டிக்கொண்டு, மறுமுனை தொண்டைக்குள் போயிருந்தது. அவர் விரல் அந்த நூலைப் பற்றியது. வாழ்நாள் முழுக்க நூலை இழுத்து வாழ்ந்த கை. ஆனால் இழுக்கவில்லை. ஏன் என்று பின்னால் கேட்டபோது, "லேசா பிடிச்சுப் பாத்தேன். துணில சிக்குன நூல் மாதிரி இறுக்கமா இருந்துச்சு. அப்படி இருந்தா இழுத்தா துணிதான் கிழியும்" என்றார்.

சைக்கிள் கூடையில் சாக்கு விரித்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். இளவயதுக்காரர். அப்பா இழுக்கவில்லை என்று கேட்டதும், "நீங்க பிழைக்க வச்சிட்டீங்க" என்றார். பூனையின் நாக்கில் இருக்கும் முட்கள் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்தவை. நூல் போல ஒன்று நாக்கில் ஒட்டிவிட்டால் அதற்குத் துப்பத் தெரியாது; விழுங்கத்தான் வரும். ஒரு முனை நாக்கில் மாட்டிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் போய்விட்டால், குடல் அந்த நூலின் மேலேயே ஏறிச் சுருங்கும். அந்த நேரத்தில் இழுத்தால் நூல் வாளாகக் குடலை அறுக்கும். அவர் நாக்குக்கு அடியில் இருந்த சுற்றை மட்டும் வெட்டிவிட்டார். உள்ளே போனது தானாக வருகிறதா பார்க்கலாம், நாளை இரவுக்குள் வராவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டும், அதற்குத் திருநெல்வேலிக்குப் போக வேண்டும் என்றார்.

அன்றிரவு அப்பா மெஷினில் உட்காரவில்லை. தீபாவளிக்கு வாக்குக் கொடுத்த துணிகள் மேஜையில் குவிந்து கிடந்தன. மறுநாள் மத்தியானம் சாம்பல் தொட்டியில் நூல் வந்தது. எங்கள் அதிர்ஷ்டம். இன்றைக்கு ஒரு பூனைக்கு இப்படி நேர்ந்தால், காத்திருந்து பார்க்கலாம் என்று யாரும் வீட்டில் முடிவு செய்யக் கூடாது. அப்பா அந்த நூலைக் கழுவி, இஞ்ச் டேப்பில் வைத்து அளந்தார். பத்தொன்பது இஞ்ச். பிறகு அதை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றும் பேசவில்லை. காஜா அண்ணன் சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அதிலிருந்து கடையில் சட்டம் இரண்டானது. விளையாட்டு முடிந்தால் பொம்மை மேஜை டிராயருக்குள் போய்விட வேண்டும். நூல், சணல், எலாஸ்டிக், பொத்தான் எதுவும் பூனைக்குக் கூடாது. தொங்கவிட வேண்டுமென்றால் இரண்டு விரல் அகலத் துணிப்பட்டை. அதுவும் ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். டிராயரில் போட்டு வைத்ததில் எதிர்பாராத ஒரு லாபமும் கிடைத்தது. எல்லாம் எப்போதும் தரையில் கிடந்தபோது பாபின் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது. டிராயரிலிருந்து நாளுக்கு ஒன்றாக வெளியே வந்தபோது, பழைய தீப்பெட்டியே புதுப்பெண் ஆனது. 2002-ல் பிரிட்டனில் ஜான் பிராட்ஷாவும் அவரோடு இருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் சொல்கிறது: ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் காட்டினால் பூனை சலித்துப்போகிறது, பொம்மையை மாற்றினால் அதே பூனை புது வேகத்தோடு பாய்கிறது. சலிப்பது பூனைக்கு விளையாட்டின் மேல் அல்ல, கொன்ற எலியையே மறுபடி கொல்வதன் மேல்.

1986 கோடையில் பாபின் அதே வெட்டுத்துணிச் சாக்கில் மூன்று குட்டி போட்டது. பூனை குட்டியை ஏழு வீடு மாற்றும் என்பது எங்கள் வீட்டில் பொய்யாகவில்லை. சாக்கு, மச்சு, விறகுக் கட்டு, ஆச்சியின் பெட்டிக்குப் பின்புறம் என்று அலைந்துவிட்டு மறுபடி சாக்குக்கே வந்தது. குட்டிகள் கொஞ்சம் ஓடத் தொடங்கியதும் முதலில் செத்த எலியைக் கொண்டுவந்து போட்டது. பத்து நாள் கழித்து உயிரோடு ஒன்றைக் கவ்வி வந்து, குட்டிகளுக்கு நடுவில் விட்டது. குட்டிகள் தடுமாற, எலி ஓட, பாபின் ஒரே எட்டில் அதைப் பிடித்து வந்து மறுபடி விட்டது. மறுபடி ஓடியது. மறுபடி பிடித்தது. "பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அப்பா தையலை விட்டுவிட்டு வந்து நின்றார். வெகுநேரம் பார்த்தார். "பாத்தியால? அவளுக்கு எலி வேண்டாம். பிள்ளைகளுக்குப் பிடிக்கத் தெரியணும், அதுக்காக ஓட விட்டுப் பிடிக்கா" என்றார்.

எனக்குள் அப்போது ஒரு சின்னக் கோபம் வந்தது. அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா சாக்கட்டியால் தரையில் கோடு போட்டு என்னோடு ஆடு புலி ஆட்டம் ஆடுவார். மூன்று புலியும் எப்போதும் அவருடையவை. பதினைந்து ஆட்டை வைத்துக்கொண்டு ஒரு தடவைகூட நான் ஜெயித்ததில்லை. ஓட விட்டுப் பிடிக்கிற வழக்கம் என்னிடம் அவருக்கு இல்லை. என்னோடு ஆடும்போது புலியாக இருந்தவர், பூனையோடு ஆடும்போது மட்டும் ஆடாக இருந்தார்.

குட்டிகளைத் தெருவில் கேட்டவர்களுக்குக் கொடுத்த பிறகு, ஒரு நாள் ஆச்சி கொல்லையில் குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் போட்டாள். எனக்குச் சிரங்குக்கு அரைத்துப் பூச. இலையை ஆய்ந்துகொண்டு வேரை எறிந்தாள். பாபின் எங்கிருந்தோ வந்து அந்த வேரில் கன்னத்தைத் தேய்த்தது, நக்கியது, எச்சில் ஒழுக அதன் மேல் புரண்டது. நான் நூல் ஞாபகத்தில் பதறிப்போனேன். ஆச்சி சிரித்தாள். "அதுக்குப் பூனைவணங்கின்னும் பேரு உண்டு. சும்மாவா வச்சான்?" மேல்நாட்டில் பூனைப் பொம்மைக்குள் கேட்னிப் என்ற செடியை உலர்த்தித் திணிக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஏறக்குறைய மூன்றில் ஒரு பூனைக்கு அது ஒன்றுமே செய்யாதாம். எங்களுக்குக் குப்பைமேட்டிலேயே அந்த வேலையைச் செய்கிற செடி முளைத்துக் கிடந்தது. இலையில் அல்ல, பிடுங்கிய வேரில். பழைய பனியன் துணியில் பச்சை வேரை முடிந்து கொடுத்தேன். பத்து நிமிஷம் உருண்டது. பிறகு எழுந்து, எதுவும் நடக்காததுபோல உடம்பை நக்கிக்கொண்டது. அப்பாவுக்கு அதில் ருசி இல்லை. "இது வெளையாட்டு இல்ல, போதை. நீ அசைக்கவும் வேண்டாம், அது பாயவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

1988-ல் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் மாமல்லபுரம் போனோம். அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு பூனை, பின்னங்கால்களில் எழுந்து, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறது. காலடியில் எலிகள். போலித் தவசி என்று வாத்தியார் சொன்னார். ருத்திராட்சப் பூனைக் கதையைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அதன் தலைக்கு மேலே யாரோ ஓர் ஈர்க்கைப் பிடித்திருப்பதுபோலவே பட்டது. இறகை உயரத் தூக்கினால் பாபின் அப்படியேதான் நிற்கும், கணக்கு பிசகாமல். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பியின் வீட்டிலும் ஒன்று இருந்திருக்க வேண்டும்.

நான் 1991-ல் திருச்சிக்குக் கல்லூரிக்குப் போனேன். பிறகு வேலை, சென்னை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பாபின் கொஞ்சம் கனத்திருக்கும், கொஞ்சம் அதிகம் தூங்கும். அம்மா புகார் சொல்வாள். "வெளக்கு வச்சதும் ஒங்கப்பாவும் அதும் ஆரம்பிச்சிருவாவ. துணி வாங்க வந்தவன் நின்னுக்கிட்டே இருப்பான்." விளக்கு வைக்கிற நேரமும் விடிகாலையும்தான் பூனைக்கு வேட்டை நேரம். அப்பா அதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. விளையாட்டு முடிந்த கையோடு மீன் தலை வைப்பார். பிடித்தது, தின்றது, தூங்கப் போனது. எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2021-ல் சொன்னார்கள்: தினம் ஐந்து பத்து நிமிஷம் இப்படி ஆட்டம் காட்டினாலே பூனை வேட்டையாடி வீட்டுக்குக் கொண்டுவருகிற உயிர்கள் 25 சதவீதம் குறைகின்றன என்று. கொல்லை அணில்களுக்கு அப்பா செய்த உதவி அவருக்கே தெரியாது.

நான் வந்தால் அப்பா என் முன்னால் விளையாட மாட்டார். டேப் கழுத்திலேயே கிடக்கும். பாபின் அவர் காலடியில் உட்கார்ந்து டேப்பின் முனையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

1998-ல் பாபின் போனது. பதினாலு வயது. கொல்லையில் குப்பைமேனி மண்டிய ஓரத்தில் புதைத்ததாக அம்மா போனில் சொன்னாள். அப்பா பேசவில்லை.

2004-ல் கடையை எடுத்தோம். ரெடிமேட் வந்து தையல் குறைந்திருந்தது. அப்பாவின் கண்ணும் குறைந்திருந்தது. மேஜையை ஓர் ஆசாரி பலகைக்காக விலை பேசியிருந்தார். நாலு ஆள் வந்து தூக்கினார்கள். அடியில் முப்பது வருஷத்துத் தூசி. அதற்குள் பொத்தான்கள், சாக்கட்டி, புளியங்கொட்டை, நசுங்கிய தீப்பெட்டிகள், சருகான ஓலைப்பந்து. பாபின்களை எண்ணினேன். பதினேழு.

சுவரோரத்தில், கைக்கு எட்டாத மூலையில், இன்னொன்று இருந்தது. தூசியைத் தட்டினேன். எலி. சட்டைக் காலருக்குள் வைக்கிற கேன்வாஸில் தைத்தது. அரை விரல் நீளத்தில் இரண்டு காது. இரண்டுக்கும் ஓரத்தில் காஜாத் தையல். வால், உடம்பை வெட்டிய அதே துணியில் விட்டு வெட்டியது, ஒட்டுப் போட்டதில்லை. கண்ணுக்குப் பொத்தான் வைக்கவில்லை. நூலால் இரண்டு புள்ளி, முடிச்சு உள்ளே. முதுகெல்லாம் பல்லின் தடம். நான் செய்ததில்லை அது. நான் பார்த்ததுமில்லை.

அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. கட்டைவிரலால் தையலை மூக்கிலிருந்து வால் வரைக்கும் மெதுவாக வருடிக்கொண்டே போனார். திருப்பி மறுபக்கமும் வருடினார்.

"முனை எதும் வெளிய தெரியலைல்லா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

தலையை ஆட்டிக்கொண்டு, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.